பதிவை அரசு முடக்கினால் எங்கே போவது? குழு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்: ஓர் ஒப்பீடு

யூடியூபில் வீடியோவைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வாக்கியம்: தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவின் காரணமாக இது இந்த நாட்டில் கிடைக்காது. எக்ஸ் தளத்தில் என்றால், சட்டபூர்வக் கோரிக்கையின்பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு. எந்த அமைச்சகம், எந்தப் பிரிவு, எந்த வரி தவறு என்று ஒரு தகவலும் இருக்காது.

பலரும் இந்த இடத்திலேயே வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலர் கோபத்தில் அதே வீடியோவை வேறு சேனலில் ஏற்றுகிறார்கள். சிலர் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். முதலாவதைச் செய்தால் வேண்டுமென்றே மீறினார் என்று அரசுத் தரப்பு சொல்லும். இரண்டாவதைச் செய்தால், நீங்கள் உண்மையில் என்ன சொன்னீர்கள் என்பதை நிரூபிக்க உங்கள் கையிலேயே எதுவும் இருக்காது. எஃப்.ஐ.ஆரும் இருந்தால் ஆதாரத்தை அழித்தார் என்ற குற்றச்சாட்டும் கூடச் சேரலாம்.

இந்தியாவில் இப்படி மாட்டிக்கொண்டவருக்கு முன்னால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. அரசு எந்தச் சட்டப் பிரிவைக் கையில் எடுத்தது என்பதைப் பொறுத்தே எது பலிக்கும், எது நாளைத் தின்னும் என்பது தீர்மானமாகிறது.

முதலில், எந்தக் காகிதம்?

இணையப் பேச்சை முடக்க இன்று அதிகம் பயன்படுபவை இரண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு ஒன்று. அதே சட்டத்தின் 79(3)(பி) பிரிவு இன்னொன்று.

69ஏ உத்தரவை மத்திய அரசுதான் போட முடியும். நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்புத் துறை, அரசின் பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகியவை மட்டுமே அதற்கான காரணங்கள். அரசியலமைப்பின் 19(2) பிரிவில் உள்ள அவதூறு, நாகரிகம், நீதிமன்ற அவமதிப்பு மூன்றும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஓர் அமைச்சரைக் கேலி செய்தார், ஒரு தலைவரின் பெயரைக் கெடுத்தார் என்பது 69ஏ முடக்கத்துக்குக் காரணம் ஆகாது. மனுவில் முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டிய வாதம் இது. பல மனுக்களில் பதினைந்தாம் பத்தியில் புதைந்துகிடக்கிறது.

79(3)(பி) வேறு மாதிரி. சட்டவிரோதமான பதிவு என்று அரசு தெரிவித்த பிறகும் தளம் அதை எடுக்காவிட்டால், பயனர்களின் பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்பதுதான் அந்தப் பிரிவு. மாநில போலீஸ் உட்படப் பல துறைகள் 'சஹ்யோக்' என்ற இணைய வாசல் வழியாக இந்த நோட்டீஸ்களை அனுப்புகின்றன. குழு, விசாரணை, 48 மணி நேர அவகாசம் போன்ற 69ஏ நடைமுறைகள் எதுவும் இதில் இல்லை. இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பர் 24-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், அவ்வளவுதான். அதோடு, 2025 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி நோட்டீஸ் அனுப்புபவர் பொதுவாக இணைச் செயலாளர் நிலையில் இருக்க வேண்டும். போலீஸ் என்றால் சிறப்பாக அதிகாரம் பெற்ற டி.ஐ.ஜி. நிலைக்குக் குறையக் கூடாது. சட்ட அடிப்படையும் குறிப்பிட்ட இணைய முகவரியும் அதில் இருக்க வேண்டும். ஓர் இன்ஸ்பெக்டர் கையெழுத்தில் நோட்டீஸ் போயிருந்தால் அதுவே தனி வாதம்.

இதைத் தெரிந்துகொள்ள உடனே செய்ய வேண்டியது, தளம் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடுவது. ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். பிரிவின் எண், நோட்டீஸ் அனுப்பிய துறை, தேதி இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் அதில் இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கான அத்தாட்சி பின்னால் உதவும்.

கூடவே ஆதாரத்தைச் சேமியுங்கள். மூல வீடியோ கோப்பு, முழு இணைய முகவரி தெரியும் ஸ்கிரீன்ஷாட், முடக்க அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், வெளியிட்ட தேதி, பார்வை எண்ணிக்கை எல்லாம் வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதும் கேட்கப்படுகின்றன. ஆகவே கோப்பைத் திருத்துவதற்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கோ முன்பே எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் ஹாஷ் எடுத்து எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். ஹாஷ் மாறிவிட்டால் அது வேறு கோப்பு என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைக்கும்.

குழுக்களுக்கு எழுதுவது

69ஏ உத்தரவுகளுக்கான 2009-ஆம் ஆண்டு முடக்க விதிகளின் 8-ஆம் விதிப்படி, பதிவிட்டவருக்கோ தளத்துக்கோ நோட்டீஸ் கொடுத்துக் குறைந்தது 48 மணி நேரம் அவகாசம் தர வேண்டும். அந்த "கோ" என்ற ஓரெழுத்தில்தான் சிக்கல். தளத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு, எழுதியவரை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவசர முடக்கம் என்றால் 9-ஆம் விதி; அதில் முன்கூட்டி நோட்டீஸே கிடையாது, 48 மணி நேரத்துக்குள் விஷயத்தை முடக்கக் கோரிக்கைகளை ஆராயும் அதிகாரிகள் குழு முன் வைத்தால் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுஆய்வுக் குழு கூடி, உத்தரவுகள் சட்டப்படி உள்ளனவா என்று பார்க்க வேண்டும் என்கிறது 14-ஆம் விதி. கூடுபவர்கள் அரசுச் செயலாளர்கள்தான். உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

நோட்டீஸ் உங்கள் கைக்கே வந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில் கொடுங்கள், விசாரணைக்கும் போங்கள். போகாமல் விட்டால், வாய்ப்புக் கொடுத்தும் வரவில்லை என்று அடுத்த நீதிமன்றத்தில் அரசு சொல்லும். நோட்டீஸ் வராமலே முடக்கிவிட்டார்கள் என்றால் குழுவை நம்பி இரண்டு மாதம் காத்திருப்பது வீண். ஆனாலும் அமைச்சகத்துக்கு ஒரு கோரிக்கை மனு அனுப்பத்தான் வேண்டும். ஓர் அதிகாரியைக் கடமையைச் செய்யச் சொல்லி ரிட் (அரசுக்கு உயர் நீதிமன்றம் இடும் ஆணை) கேட்பவர், முதலில் அதிகாரியிடமே கேட்டாரா என்று நீதிமன்றம் பார்க்கும். உத்தரவின் நகலைத் தரவும் முடக்கத்தை நீக்கவும் கேட்டு இரண்டு பக்கம் போதும். மின்னஞ்சலிலும் சேர்ப்பித்ததற்கான அத்தாட்சியுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் நகர்ந்துவிட வேண்டும்.

குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவைப் பற்றித் தவறான நம்பிக்கை நிறைய இருக்கிறது. 2023-இல் வந்த இந்த அமைப்பு, தளத்தின் குறைதீர் அலுவலர் எடுத்த முடிவுக்கு எதிராக 30 நாளுக்குள் இணையவழியில் மேல்முறையீடு செய்யும் இடம். உங்கள் பதிவைத் தளம் தன் சொந்த விதியின்படி எடுத்திருந்தால் இது உதவும். அரசே எடுக்கச் சொன்ன பதிவுக்கு, அரசு நியமித்த இந்தக் குழுவிடம் போய்ப் பயனில்லை.

தகவல் உரிமை மனுவும் அப்படித்தான். 10 ரூபாய் கட்டணம், 30 நாள். 69ஏ விவரம் கேட்டால் 2009 விதிகளின் 16-ஆம் விதியில் உள்ள ரகசியக் காப்பைக் காட்டி மறுப்பார்கள். (2021-ஆம் ஆண்டு ஊடக விதிகளிலும் ஒரு 16 இருக்கிறது, அது அவசர முடக்கம். இரண்டையும் குழப்பி எழுதிய மனுக்கள் உண்டு.) மறுப்புக் கடிதத்தை ரிட் மனுவோடு இணைக்கலாம் என்பதைத் தாண்டி இதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

உயர் நீதிமன்றம்: பெரும்பாலோருக்கு இதுதான்

அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. முடக்கியது டெல்லியில் உள்ள அமைச்சகமாக இருந்தாலும், வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்திருந்தால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்ய 226(2) இடம் தருகிறது. நீங்கள் இங்கிருந்து வெளியிட்டீர்கள், வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள், வருமானம் இங்கே நின்றது என்று பிரமாணப் பத்திரத்தில் தனிப் பத்தியாக எழுத வேண்டும். இந்தப் பத்தி இல்லாவிட்டால் டெல்லிக்குப் போங்கள் என்ற ஆட்சேபத்திலேயே முதல் விசாரணைகள் கழிந்துவிடும்.

யார் மனுதாரர் என்பது அடுத்தது. பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(ஏ) குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கம்பெனி குடிமகன் ஆகாது. செய்தித் தளம் பிரைவேட் லிமிடெட் பெயரில் இருந்தால், ஆசிரியரையோ பங்குதாரரையோ இரண்டாம் மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். 1972-இல் செய்தித்தாள் நிறுவனமான பென்னட் கோல்மன் வழக்கிலிருந்தே இதற்கு வழி இருக்கிறது. முடக்க உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் போட்ட வழக்கு 2023 ஜூன் 30-இல் கர்நாடகத்தில் தள்ளுபடியாகி 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதிக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனம் 19-ஆம் பிரிவைக் கோர முடியாது என்பதும், உத்தரவுகளை நீண்ட நாள் நிறைவேற்றாமல் இருந்துவிட்டு வந்தது என்பதும் அதில் பெரிதாகப் பேசப்பட்டன. தளம் உங்களுக்காகப் போராடும் என்று காத்திருக்க வேண்டாம். உரிமை உங்களுடையது, நீங்கள்தான் வலுவான மனுதாரர்.

கோரிக்கைகளை அடுக்கும் வரிசையும் முக்கியம். உத்தரவின் நகல் கையில் இல்லாமல் அதை ரத்து செய்யக் கேட்டால், எந்த உத்தரவு என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே ஆவணங்களை வரவழைத்து நகல் தரச் சொல்வது, பின் ரத்து, பின் அணுகலை மீட்பது என்று கேட்க வேண்டும். 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவைச் செல்லும் என்று விட்டதற்கு முக்கியக் காரணம், காரணங்கள் எழுத்தில் இருக்கும், அவற்றை ரிட் மனுவில் எதிர்க்கலாம் என்பதுதான். நகலே தராவிட்டால் அந்த எதிர்ப்புக்கு என்ன பொருள்? இந்த வாதத்துக்கு நல்ல பலன் உண்டு. வரதட்சணையைக் கேலி செய்த ஒரு தளம் 2018-இல் முடக்கப்பட்டது; உத்தரவின் நகலையும் விசாரணை வாய்ப்பையும் தரும்படி 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னது சரி, ஆனால் நான்கு ஆண்டு. இறுதித் தீர்ப்பை நம்பி மட்டும் வழக்குப் போடக் கூடாது என்பதற்கு அது எடுத்துக்காட்டு. இடைக்கால நிவாரணம்தான் நடைமுறையில் வழக்கின் உயிர்.

அதற்கு விகடன் வழக்கைப் பாருங்கள். பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக 2025 பிப்ரவரி நடுவில் விகடன் இணையதளம் முழுவதுமே முடங்கியது. மார்ச் 6-இல் நீதிபதி பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு போட்டார்: அந்த ஒரு பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அமைச்சகத்துக்குத் தெரிவித்தால் தளத்தைத் திறந்துவிட வேண்டும். கார்ட்டூன் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி பின்னுக்குப் போனது, மூன்று வாரத்தில் தளம் திரும்ப வழி பிறந்தது. இதைத் தோல்வி என்று பார்ப்பவர்கள் உண்டு. ஒரு பக்கத்துக்காகப் பல்லாயிரம் பக்கங்களை மூடுவது அளவுக்கு மீறியது என்ற வாதம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முழுத் தளமோ முழுச் சேனலோ முடங்கியிருந்தால் மாற்றுக் கோரிக்கையாக இதை வையுங்கள். எடுப்பது உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது என்று உத்தரவிலேயே பதியச் சொல்லிக் கேளுங்கள். முடங்கியது ஒரே ஒரு பதிவு என்றால் இந்தச் சமரசத்தில் உங்களுக்குக் கிடைப்பது எதுவும் இல்லை.

பணம் ஒரு தடையாக இருந்தால்: பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம்.

உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போகலாமா?

உச்ச நீதிமன்றத்தை நேரே அணுக வழிதரும் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு அடிப்படை உரிமையாகவே இருக்கிறது. 1950-இல் சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' இதழைத் தடுத்தபோது ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போய் வென்றார். இன்று ஒரு தனிப் பதிவுக்காகப் போனால், உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பே அதிகம். போக்குவரத்து, டெல்லி வழக்கறிஞர் செலவு, இரண்டு வாரம் எல்லாம் போன பிறகு மறுபடி சென்னைக்கு வர வேண்டியிருக்கும்.

இரண்டு நிலைகளில் மட்டும் டெல்லி சரி. ஒன்று, விதியின் செல்லுபடியையே எதிர்ப்பது. 2009 விதிகளை எதிர்த்த மனுவில் 2025 மார்ச் மாதம் நோட்டீஸ் அனுப்பியபோது, பதிவிட்டவர் யாரென்று அடையாளம் தெரிந்தால் அவருக்கும் நோட்டீஸ் தர வேண்டும் என்ற கருத்தை அமர்வு முதல்பார்வையில் தெரிவித்தது. இரண்டு, ஒரே பேச்சுக்காகப் பல மாநிலங்களில் எஃப்.ஐ.ஆர். பாய்வது. வேறு மாநில எஃப்.ஐ.ஆரைச் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே இழுத்துவர முடியாது. உச்ச நீதிமன்றம்தான் ஒன்றுசேர்க்க முடியும்.

எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டால் வரிசை மாறும்

பதிவு முடங்கியதோடு வழக்கும் வந்தால், பதிவை மறந்துவிட்டு முதலில் ஆளைக் காப்பாற்ற வேண்டும். நகல் எடுங்கள். பொதுவாக 24 மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும். உணர்வுபூர்வமான வழக்கு என்று வகைப்படுத்தினால் ஏறாது. புதிய குற்றச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 196 (பிரிவினருக்கிடையே பகை), 299 (மத உணர்வைப் புண்படுத்துதல்), 353 (பொதுக் குழப்பம் விளைக்கும் பேச்சு) ஆகியவற்றுக்குப் பொதுவாக மூன்றாண்டு வரை தண்டனை. ஏழாண்டுக்கு உட்பட்டவை என்பதால் உடனே கைது செய்யாமல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 35(3) நோட்டீஸ் கொடுத்து அழைப்பதே முறை. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வந்ததை அலட்சியப்படுத்தாமல், வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பதில் கொடுப்பது நல்லது. பி.என்.எஸ். 152 (நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைத்தல்) சேர்த்திருந்தால் கதை வேறு. ஆயுள் தண்டனை வரை போகும் பிரிவு அது. அன்றே முன்ஜாமீன் மனு போட வேண்டும்.

இங்கே ஓர் எண் குழப்பம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் மனு. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன், ரத்து மனு 528. பழைய தீர்ப்புகளைப் படித்துவிட்டு எண்ணை மாற்றி எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முன்ஜாமீனா, ரத்து மனுவா? இரண்டும், ஆனால் முன்ஜாமீன் முதலில். ரத்து மனுவில் விசாரணை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது என்று நீதிமன்றம் தயங்கும். உச்ச நீதிமன்றத்தின் 2021 நீஹாரிகா தீர்ப்புக்குப் பிறகு, "கடுமையான நடவடிக்கை கூடாது" என்ற இடைக்கால உத்தரவு எளிதாகக் கிடைப்பதில்லை. நம்பி உட்கார்ந்திருந்தால் நடுவில் கைது நடக்கலாம். முன்ஜாமீன் நிபந்தனையில் "இனிப் பதிவிடக் கூடாது" என்று அரசுத் தரப்பு கேட்டால், 2022 ஜூலையில் செய்திச் சரிபார்ப்பாளர் முகமது ஜுபைர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி வாய்ப்பூட்டுப் போட மறுத்ததைக் காட்டுங்கள். நிலையத்தில் தினமும் கையெழுத்திடுவதை ஏற்றுக்கொள்ளலாம், எழுதுவதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ரத்து மனுவுக்கு இன்று கையில் உள்ள நல்ல ஆயுதம், 2025 மார்ச் 28-இல் இம்ரான் பிரதாப்கரி வழக்கில் வந்த தீர்ப்பு. ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் போட்ட எஃப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆரம்பக் கட்டம் என்பதற்காக ரத்து செய்யவே கூடாது என்று விதி இல்லை என்றது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள பேச்சு வழக்குகளில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்ய பி.என்.எஸ்.எஸ். 173(3) இடம் தருகிறது. அதைச் செய்வதே பொருத்தம் என்றும் சொன்னது. அப்படி ஒரு விசாரணை நடந்ததா என்று மனுவில் கேளுங்கள். எழுதிய வாக்கியத்தை முழுதாக, முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு, மனுவிலேயே தட்டச்சு செய்து வையுங்கள். பேச்சு வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பைப் போலீஸிடம் விடாதீர்கள். ஒரு வசைச்சொல்லை மிரட்டலாக மாற்றிய மொழிபெயர்ப்பிலேயே வழக்குத் தோற்கலாம்.

குண்டர் சட்டம் பாய்ந்தால் மேலே சொன்ன எதுவும் போதாது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டத்தில் ஓராண்டு வரை விசாரணையின்றி வைக்கலாம். ஆட்கொணர்வு மனு ஒரு கையில், அரசுக்கும், காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் கோரிக்கை மனு மறு கையில் என்று ஒரே நேரத்தில் போக வேண்டும். காவலுக்கான காரணங்களை ஐந்து நாளுக்குள் கொடுத்தார்களா, ஆவணங்கள் படிக்கும்படி இருந்தனவா, கைதிக்குத் தெரிந்த மொழியில் கொடுத்தார்களா, கோரிக்கை மனுவைப் பரிசீலிக்க எத்தனை நாள் எடுத்தார்கள்? பல காவல் உத்தரவுகள் விழுவது பேச்சுரிமை வாதத்தில் இல்லை, இந்தக் கணக்கில்தான். கோரிக்கை மனுவையே அனுப்பாவிட்டால் தாமதம் என்ற வாதமும் இல்லாமல் போகும்.

அச்சுப் புத்தகமும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகமும்

புத்தகத்தை மாநில அரசு பறிமுதல் செய்தால் பி.என்.எஸ்.எஸ். 98, எதிர்த்து 99-இன் கீழ் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் மூன்று நீதிபதிகள் அமர்வு கேட்கும். காலக்கெடு தவறுவதைத் தவிர இதில் பெரிய குழப்பம் இல்லை.

நம் ஊர்களில் அதைவிட அதிகம் நடப்பது காகிதமே இல்லாத தடை. எதிர்ப்பு கிளம்பும், சட்டம் ஒழுங்கு கெடும் என்பார்கள். எழுதியவரை வருவாய் அலுவலகத்துக்கு அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். ஓர் அறையில் அதிகாரிகளும் எதிர்த்தரப்பும் இருக்க, மன்னிப்பு, விற்பனை நிறுத்தம், இனி எழுதமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போகாமல் இருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞரோடு போங்கள்; கலந்துகொண்டதற்கு மட்டும் தேதியோடு கையெழுத்திடுங்கள்; அதன்கீழ் "நிபந்தனைகளை ஏற்கவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். எதிர்ப்பவர்கள் வன்முறை செய்வார்கள் என்பது பேச்சை அடக்கக் காரணம் ஆகாது, அவர்களைக் கட்டுப்படுத்துவதே அரசின் வேலை என்று 1989-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. நாமக்கல்லில் 2015 ஜனவரி 12 அன்று 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் வாங்கிய இப்படியான ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் நகலை அடுத்த பேச்சுவார்த்தைக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.